மனித இயல்பை அளக்கப் போனவர்கள்: மேர் தீவு, நீலகிரி, எல்லிஸ் தீவு

குன்னூர் வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

மேற்கத்திய உளவியலின் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. 1879இல் லைப்சிக்கில் வுண்ட் ஆய்வுக்கூடம் திறந்தார், அப்புறம் ஃப்ராய்ட், அப்புறம் வாட்சன், ஸ்கின்னர், கடைசியில் மூளை ஸ்கேன். இந்த வரிசையில் 1898ஆம் ஆண்டுக்கு இடமே இருப்பதில்லை. என்னைக் கேட்டால் அந்த ஆண்டுதான் திருப்பம். அதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739இல் வெளியிட்ட பெரிய நூலின் துணைத்தலைப்பிலேயே, மனிதர் சார்ந்த விஷயங்களுக்குள் சோதனை முறையைக் கொண்டுவரும் முயற்சி இது என்று அறிவித்தார். நியூட்டன் கோள்களுக்குச் செய்ததை மனதுக்குச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை. ஆனால் ஹியூமுக்குக் கிடைத்த சான்று அவருடைய சொந்த மனமும், சுற்றியிருந்தவர்களின் நடத்தையும், படித்த சரித்திரமும்தான். நூற்று நாற்பது ஆண்டு கழித்து வுண்டின் கூடத்தில் நேரம் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. கருவிக்கு முன்னால் உட்கார்ந்தவர்களோ அதே கூடத்தின் மாணவர்களும் உதவியாளர்களும். அவர்களிடம் கிடைத்ததற்கு 'மனித மனம்' என்று பெயர் வைத்தார்கள்.

உலகத்தின் மற்ற மக்களைப் பற்றி அப்போது இருந்தவை பயணிகள் சொன்ன கதைகள். ஹெர்பர்ட் ஸ்பென்சர் அவற்றை வைத்து ஒரு கொள்கையே கட்டிவிட்டார். 'நாகரிகமற்ற' மக்களுக்குக் கண்ணும் காதும் மிகக் கூர்மை. சக்தியெல்லாம் அங்கே செலவாகிவிடுவதால் உயர்ந்த சிந்தனைக்கு மிச்சம் இருப்பதில்லை என்பது அதன் சாரம். படித்தவர்கள் பலர் இதை நம்பினார்கள். யாரும் போய்ச் சோதித்துப் பார்க்கவில்லை.

1898இல் ஏ. சி. ஹேடன் தலைமையில் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையில் இருக்கும் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனது. குழுவில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். அவர் மேர் தீவில் பார்வைக் கூர்மை, நிறம், காட்சி மயக்கம் எல்லாவற்றையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து அளந்தார். அங்கே கிடைத்த முடிவுகள் ஸ்பென்சரின் கொள்கைக்குக் குழி தோண்டின. தீவு மக்களின் கண் நல்ல கண், ஆனால் அதிசயக் கண் கிடையாது. வெகுதூரத்தில் வரும் படகை அவர்கள் முதலில் கண்டுகொண்டதற்குக் காரணம் எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பழக்கமும் கவனமும்.

காட்சி மயக்கத்தில் கிடைத்தது அதைவிடச் சுவையானது. முல்லர்–லையர் மயக்கத்தில் மேர் தீவினர் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். செங்குத்துக் கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தெரியும் மயக்கத்தில் அதிகமாக ஏமாந்தார்கள். ஒரு மக்கள் கூட்டம் மொத்தமாக 'சுலபமாக ஏமாறும்' அல்லது 'ஏமாறாது' என்று யாரும் சொல்ல முடியாமல் போயிற்று. இரண்டு மயக்கம், இரண்டு திசை.

ரிவர்ஸ் அதோடு நிற்கவில்லை. 1901–02இல் எங்கள் மலைக்கே வந்தார். தோடர்களிடம் அதே சோதனைகளைச் செய்தார். 1905இல் வெளியிட்ட முடிவுகளில் அதே போக்கு: ஒன்றில் குறைவு, மற்றொன்றில் கூடுதல். கடலோரத் தீவும் நீலகிரிப் புல்வெளியும் ஒரு பக்கம், இங்கிலாந்து மறுபக்கம். விநோதமாக இருப்பது எந்தப் பக்கம் என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். எழ இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

சேலம் மாணவி

நல்ல தொடக்கம் அண்ணா. இழையைப் படிக்கும் எல்லாருக்கும் அந்த மயக்கம் எது என்று தெரியாமல் இருக்கலாம். கொஞ்சம் விளக்குங்களேன். நாங்கள் எம்.ஏ. உளவியலில் ஒரு பக்கத்தில் கடந்துபோன விஷயம் இது. ரிவர்ஸ் ஊட்டிக்கு வந்தார் என்பதே எனக்குப் புதிது.

குன்னூர் வாசகர்

சமநீளமான இரண்டு கோடுகளை வரையுங்கள். ஒன்றின் இரு முனைகளிலும் அம்பு முனைபோல உள்நோக்கி மடங்கிய சிறகுகள், மற்றொன்றில் வெளிநோக்கி விரிந்த சிறகுகள். விரிந்த சிறகுள்ள கோடு நீளமாகத் தெரியும். 1889இல் ஃப்ரான்ஸ் முல்லர்–லையர் வெளியிட்டது. சமம் என்று தெரிந்த பிறகும் கண் கேட்காது.

ரிவர்ஸ் 'எது பெரிது?' என்று கேட்டு விட்டுவிடவில்லை. ஒரு கோட்டை நகர்த்தி, இரண்டும் சமமாகத் தெரியும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்திய இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டார். மொழி தெரியாதவரிடமும் இதைச் செய்யலாம்; பதில் வாயிலிருந்து வராமல் கையிலிருந்து வருகிறது.

தெற்குவாசல்

ரிவர்ஸை மட்டும் எடுத்து வைத்தால் படம் அழகாகத்தான் இருக்கும். அவர் நீலகிரியில் கோடுகளைக் காட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் சென்னை மாகாணம் முழுக்க என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பேசுவோம், தோழர்.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். காலிப்பரோடு (அகலம், நீளம் அளக்கும் கவராயம்) ஊர் ஊராகப் போய் மண்டை அகலம், மூக்கு நீளம், மூக்கு அகலம் அளந்தார். 1909இல் வந்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் அந்த அளவுகள் இருக்கின்றன. அதன் முன்னுரையில் அவரே ஒன்று எழுதியிருக்கிறார். வயநாட்டின் பணியர் பெண்கள், தங்களில் நல்ல உருவமுள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கத்தான் இவர் வந்திருக்கிறார் என்று நம்பினார்களாம். அவர் அதை வேடிக்கையாக எழுதிச் செல்கிறார். எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. அதிகாரத்தோடு வந்து உடம்பை அளக்கும் ஒருவரைப் பார்த்து அந்தப் பெண்கள் அடைந்த பயத்துக்கு முழு நியாயம் இருந்தது.

வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி 1891இல் இன்னும் தூரம் போனார். ஒரு சாதியின் சமூக அந்தஸ்து அதன் சராசரி மூக்கு அகலத்துக்கு நேர்மாறாக இருக்கும் என்று விதியே எழுதினார். அவர்தான் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். சாதிகளை அந்தஸ்து வரிசையில் அடுக்கும் வேலை அந்தக் கணக்கெடுப்பில் நடந்தது. அளவுகோல் புத்தகத்தில் தூங்கவில்லை, அரசாணைக்குள் போனது.

இதற்கெல்லாம் அப்பன் ஃப்ரான்சிஸ் கால்டன். 1883இல் 'யூஜெனிக்ஸ்' (இனமேம்பாட்டியல்) என்ற சொல்லை உருவாக்கியவர். 1884 லண்டன் பொருட்காட்சியில் ஆளுக்கு மூன்று பென்ஸ் வாங்கிக்கொண்டு 9,337 பேரை அளந்தார். நல்ல குடும்பத்தில் புத்தி பிறக்கிறது என்று 1869லேயே முடிவு கட்டிவிட்டு, அதன் பிறகு அளக்கப் புறப்பட்ட மனிதர்.

உங்கள் ரிவர்ஸும் சுத்தமில்லை. தீவு மக்களிடம், 'கறுப்பு மனிதர்கள் வெள்ளையரைவிட நன்றாகப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நீங்கள் எவ்வளவு கெட்டி என்று பார்க்க வந்திருக்கிறோம், பெரிய புத்தகத்தில் எழுதுவோம்' என்று சொல்லித்தான் சோதனைக்கு அழைத்தார்கள். நீலகிரியில் அவர் தங்கியிருந்தபோது, சடங்கு ரகசியங்களைச் சொன்ன சில தோடர்களின் குடும்பங்களில் துயரங்கள் நேர்ந்தன. ரகசியத்தை அந்நியனிடம் சொன்னதால் வந்த தெய்வக் கோபம் என்று குறிசொல்பவர்கள் சொல்ல, மக்கள் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். இதை ரிவர்ஸே பதிவு செய்திருக்கிறார். அந்த அறிவுக்கு விலை கொடுத்தது யார்?

குன்னூர் வாசகர்

நீங்கள் சொன்னதில் ஒன்றையும் மறுக்கப் போவதில்லை. ரிஸ்லி விஷயத்தில் மட்டும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. ரிஸ்லியின் மூக்கு விதியை, ரிஸ்லியின் எண்களையே எடுத்து உடைத்தவர் சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே. 1932இல். ஐக்கிய மாகாணப் பகுதியில் அந்த உறவு ஓரளவு தெரிகிறது, அதைத் தாண்டி மற்ற மாகாணங்களில் நிற்கவில்லை என்று மாகாணம் மாகாணமாகக் காட்டினார். மதராஸிலும் நிற்கவில்லை. குர்யே கேம்பிரிட்ஜில் யாரிடம் படிக்கப் போனார் தெரியுமா? ரிவர்ஸிடம். 1922இல் ரிவர்ஸ் திடீரென இறந்துபோனதால் ஹேடனிடம் ஆய்வை முடித்தார்.

இதனால் தர்ஸ்டனுக்கு நியாயம் வந்துவிடாது. ஆனால் எண்களை முழுதாக வெளியிட்டிருந்ததால்தான் பிறகு வந்த ஒருவரால் அவற்றைத் திருப்பி எண்ண முடிந்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

கணக்கு டீச்சர்

இரண்டு பேரும் தலை, மூக்கு, கோடு என்று பேசுகிறீர்கள். பள்ளிக்கூடத்துக்குள் வந்த அளவுகோலை யாரும் தொடவில்லை. அதைச் சொல்லாமல் என்னால் இந்த இழையைக் கடக்க முடியாது.

பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே முதலில் மண்டைதான் அளந்தார். பாரிஸ் பள்ளிகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் தலையும் மற்றப் பிள்ளைகளின் தலையும் அளந்து பார்த்தால் வித்தியாசம் மிகச் சொற்பம். அளப்பவரின் எதிர்பார்ப்பே அளவை நகர்த்திவிடும் என்று சந்தேகப்பட்டு அதைக் கைவிட்டார். 1904இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம், வகுப்பில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய வழி கேட்டது. 1905இல் சிமோனுடன் சேர்ந்து 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். நோக்கம் உதவி. புத்தி கூட்ட முடியாத நிலையான சரக்கு என்பவர்களை எதிர்த்து 1909இல் அவர் எழுதியதில் கோபமே இருக்கிறது: அந்தக் கொடிய அவநம்பிக்கைக்கு எதிராகக் குரல் கொடுத்தாக வேண்டும் என்றார். 1911இல் 54 வயதில் போய்விட்டார்.

அளவுகோல் கடல் கடந்தது. அமெரிக்காவில் வைன்லாண்டில் இருந்த ஹென்றி காடார்ட் அதை மொழிபெயர்த்தார். பினே தேடியது உதவி வேண்டிய பிள்ளையை. காடார்ட் தேடியது பரம்பரையாக வரும் மந்தபுத்தியை. 1913இல், நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுபவர்களைச் சோதித்து அனுமதிக்கும் எல்லிஸ் தீவில், கப்பலிலிருந்து இறங்கிய ஏழை மக்களை, பயணக் களைப்போடு, மொழிபெயர்ப்பாளர் வழியே சோதித்தார்கள். 1917இல் வெளியிட்ட முடிவுப்படி, சோதித்த யூதர், ஹங்கேரியர், இத்தாலியர், ரஷ்யர் எல்லாரிலும் 80 சதவீதத்தை ஒட்டியவர்கள் மந்தபுத்தி! ஒவ்வொரு குழுவிலும் சில பத்துப் பேர்தான். இப்படி ஒரு முடிவு வந்தால் என் வகுப்புப் பிள்ளைகூட, கேள்வித்தாளில்தான் தப்பு என்று சொல்லும்.

முதல் உலகப் போரில் உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் சுமார் 17.5 லட்சம் ராணுவத்தினருக்குத் தேர்வு வைத்தார். எழுத்தறியாதவர்களுக்குப் படத்தேர்வு. டென்னிஸ் ஆடும் படத்தில் என்ன குறைகிறது? வலை. ஃபோனோகிராஃபில்? குழல். சிசிலி கிராமத்திலிருந்து போன மாதம் வந்தவருக்கு டென்னிஸ் வலை எப்படித் தெரியும்? ஆனால் வந்த மதிப்பெண்ணைப் 'பிறவி அறிவு' என்று எழுதினார்கள். இத்தனைக்கும் அதே எண்களில், அமெரிக்காவில் அதிக ஆண்டு வாழ்ந்தவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தது கண்ணுக்கு நேராகக் கிடந்தது. கார்ல் பிரிகாம் 1923இல் அதற்கும் வேறு விளக்கம் சொல்லி, முன்பு உயர்ந்த இனத்தார் வந்தார்கள், இப்போது தாழ்ந்தவர்கள் வருகிறார்கள் என்று எழுதினார். 1924 குடியேற்றச் சட்டத்துக்குப் பல காரணங்கள் உண்டு, இந்த எண்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காற்றில் இதுவும் கலந்திருந்தது.

கேரி பக் என்ற பெண்ணை நினைக்காமல் இதைச் சொல்ல முடியாது. வர்ஜீனியா. வளர்த்த வீட்டின் உறவினன் அவளைப் பலாத்காரம் செய்ததில் கர்ப்பமானாள். அதை மறைக்க அவளை மந்தபுத்தி என்று சொல்லி, அப்படிப்பட்டவர்களுக்கான அரசு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அவள் அம்மாவும் மந்தபுத்தி, அவள் பெற்ற குழந்தையும் அப்படியே என்று சாட்சி சொன்னார்கள். 1927 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டாயக் கருத்தடைக்கு அனுமதி கொடுத்தது. மூன்று தலைமுறை மந்தர்கள் போதும் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அந்தக் குழந்தை விவியன் பள்ளிக்குப் போனாள். ஒரு பருவத்தில் சிறந்த மாணவர் பட்டியலிலும் இடம் பெற்றாள். எட்டு வயதில் நோயில் இறந்தாள். அமெரிக்காவில் மொத்தம் 60,000க்கு மேற்பட்டவர்களுக்கு இந்த மாதிரிச் சட்டங்களின் கீழ் கருத்தடை செய்யப்பட்டது.

காடார்ட் 1928இல் தன் பழைய கருத்திலிருந்து பின்வாங்கினார். பிரிகாம் 1930இல் தன் முடிவுகளுக்கு அடிப்படையே இல்லை என்று எழுதினார். அதற்குள் கேரி பக்குக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டிருந்தது.

தெற்குவாசல்

டீச்சர், விவியன் பட்டியலில் இடம் பெற்றது எனக்குத் தெரியாது. நன்றி.

இதோடு மானுடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸையும் சேர்க்க வேண்டும். நியூயார்க்கில் குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரின் தலையை அளந்து 1911இல் அமெரிக்கக் குடியேற்ற ஆணையத்துக்கு அறிக்கை கொடுத்தார். இனத்தின் அசையாத அடையாளம் என்று எல்லாரும் நம்பிய மண்டை வடிவம், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளிடம் பெற்றோரிடமிருந்து மாறியிருந்தது. கையில் இருந்தது அதே காலிப்பர்தான். ஆணையம் அவருடைய எண்களை அச்சிட்டது, பரிந்துரையை வேறு திசையில் எழுதியது.

சேலம் மாணவி

அண்ணா எழுப்பிய 'எந்தப் பக்கம் விநோதம்' என்ற கேள்விக்கு வருகிறேன். 1966இல் செகால், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், அமெரிக்கா என்று பல இடங்களில் முல்லர்–லையர் உள்ளிட்ட மயக்கங்களைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். அதிகம் ஏமாந்தவர்களில் முன்னணி, அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரவாசிகள். கலஹாரியின் சான் வேட்டைக்காரர்களிடம் மயக்கம் ஏறக்குறைய இல்லை. அவர்கள் தந்த விளக்கம்: தச்சன் செதுக்கிய மூலைகளும் சதுர அறைகளும் நிறைந்த உலகத்தில் வளரும் கண், கோணங்களைத் தூரத்தின் அடையாளமாகப் படிக்கப் பழகிவிடுகிறது.

2010இல் ஹென்ரிக், ஹைன், நொரென்சயான் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த உதாரணத்தைத்தான் முன்னால் வைத்தது. உளவியல் ஆய்வுகளில் பெரும்பாலும் மேற்கத்திய, படித்த, தொழில்மயமான, பணக்கார, ஜனநாயக நாட்டு மக்கள்தான் இருக்கிறார்கள். உலகத்தோடு ஒப்பிட்டால் பல விஷயங்களில் அவர்கள்தான் ஓரத்தில் நிற்கிறார்கள் என்றது. அதற்கு முன் 2008இல் ஆர்னெட், முக்கிய உளவியல் இதழ்களை எண்ணிப் பார்த்து, சோதிக்கப்பட்டவர்களில் 96 சதவீதம் உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று காட்டியிருந்தார். எங்கள் பாடநூலில் இருக்கும் 'மனிதன்' யார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. லைப்சிக் கூடத்தின் வாசல் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

ஒளிவிலகல்

நான் கண் மருத்துவத் துறையில் இருக்கிறேன். தங்கச்சி சொன்ன தச்சர் உலக விளக்கம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு எதிரான வலுவான சான்று நம் நாட்டிலிருந்தே வந்திருக்கிறது.

1688இல் டப்ளினில் இருந்த வில்லியம் மாலினோ, தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாதவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பிரித்தறியப் பழகியிருக்கிறார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமலேயே எது எது என்று சொல்வாரா? மாலினோவின் மனைவி பார்வை இழந்தவர் என்பதால் அவருக்கு இது வெறும் தத்துவக் கேள்வியாக இருந்திருக்காது. லாக் தன் நூலின் 1694 பதிப்பில் அதைச் சேர்த்தார். சொல்ல மாட்டார் என்பது இருவரின் விடை. 1728இல் செசல்டன் என்ற அறுவை மருத்துவர் சுமார் 13 வயதுப் பையன் ஒருவனுக்குக் கண்புரை நீக்கியதை எழுதினார். அந்தப் பையனுக்குப் பார்த்ததெல்லாம் கண்ணைத் தொடுவதுபோல இருந்ததாம். பூனையைக் கண்ணால் அடையாளம் தெரியாமல், பிடித்துத் தடவிப் பார்த்து, இனி உன்னைத் தெரிந்துகொள்வேன் என்றானாம்.

எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹா தொடங்கிய 'ப்ரகாஷ்' திட்டம், வட இந்தியாவில் பிறவிக் கண்புரையோடு சிகிச்சை கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளைத் தேடிப்போய் அறுவை சிகிச்சை செய்கிறது. சிகிச்சையும் ஆய்வும் சேர்ந்தே நடக்கின்றன. 2011இல் அவர்கள் மாலினோ கேள்விக்கு விடை தந்தார்கள்: பார்வை வந்தவுடன் முடியவில்லை, சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள். லாக் சொன்னது சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 2015இல் அதே குழு முல்லர்–லையர் மயக்கத்தைக் காட்டியது. 8 முதல் 16 வயது வரை உள்ள ஒன்பது பிள்ளைகள். பார்வை வந்த கையோடு சோதித்தார்கள். மயக்கம் இருந்தது! சதுர அறைகளைக் கண்ணால் பார்த்து வளராத பிள்ளைகள். அப்படியானால் மயக்கம் பழக்கத்தால் வருகிறது என்பது எப்படி நிற்கும்? பறவைகள், மீன்கள் சிலவற்றிடமும் இந்த மயக்கம் பதிவாகியிருக்கிறது. அவை எந்தத் தச்சரைப் பார்த்தன?

சேலம் மாணவி

அப்படியென்றால் ரிவர்ஸும் செகாலும் அளந்தது என்ன, சார்? இரண்டு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால், ஒரே திசையில் முடிவு வந்திருக்கிறதே.

ஒளிவிலகல்

அந்த வித்தியாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. மயக்கத்தின் அடிப்படை பிறவியிலேயே இருக்கிறது என்கிறேன். அளவு கூடுவதும் குறைவதும் வேறு கேள்வி. ஒரே ஆள் திரும்பத் திரும்ப இந்தப் படத்தைப் பார்த்தால் மயக்கம் குறையும் என்பது 1900களின் தொடக்கத்திலேயே தெரியும். நடுக்கோட்டை மட்டும் கவனிக்கச் சொன்னாலும் குறையும். எப்படிக் கேட்டோம், எவ்வளவு நிதானமாகப் பார்த்தார்கள், இதெல்லாம் எண்ணை மாற்றும்.

குன்னூர் வாசகர்

சார் சொன்னது ரிவர்ஸின் சொந்த விளக்கத்துக்கு மிகப் பக்கத்தில் வருகிறது. தீவு மக்கள் ஒப்பிடச் சொன்ன கோட்டை மட்டும் கூர்ந்து பார்த்தார்கள், படத்தை முழு உருவமாக எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் குறைவாக ஏமாந்தார்கள் என்றே அவர் நினைத்தார். இனம், ரத்தம் என்று போகாமல் கவனத்தில் போய் நின்றார். 1905இல் ஒரு கேம்பிரிட்ஜ் மருத்துவருக்கு அது எளிதான இடம் இல்லை. (நிறம் பற்றிய சோதனைகளில் அவர் உடல் காரணம் தேடினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலத்துக்குத் தனிச் சொல் இல்லாததோடு அதைக் காண்பதிலும் குறை இருக்கிறது, கண்ணின் நிறமி காரணமாகலாம் என்று எழுதினார்.)

தச்சர் உலக விளக்கம் ஆட்டம் கண்டுவிட்டது என்று ஒத்துக்கொள்கிறேன். 1898இன் மதிப்பு எனக்கு அதனால் குறையவில்லை. காடார்டுக்கும் ரிவர்ஸுக்கும் உள்ள தூரம் இதுதான்: சோதனையில் வந்த வித்தியாசத்தைக் காடார்ட் உடனே மனிதனின் தரமாகப் படித்தார். ரிவர்ஸ், கேட்கப்பட்டவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார்.

தெற்குவாசல்

இந்த வாக்கியத்தை நான் ஏற்கிறேன், தோழர். என் பக்கத்திலிருந்து ஒன்றுதான் பாக்கி. ப்ரகாஷ் பிள்ளைகளுக்குப் பார்வை கிடைத்தது. தோடர்களுக்கும் மேர் தீவினருக்கும் என்ன கிடைத்தது?

குன்னூர் வாசகர்

மேர் தீவினர் விஷயத்தில் ஒரு பதில் உண்டு, அது ரிவர்ஸ் நினைத்துக் கொடுத்ததல்ல. கண் திறன் குடும்பத்தில் வருகிறதா என்று பார்க்க அவர் தீவு மக்களின் வம்சாவளியை எழுதத் தொடங்கினார். அந்தக் குழு எழுதிய வம்சாவளியும் நில உரிமைப் பதிவுகளும், எடி மாபோவும் மற்ற மேர் தீவினரும் தொடுத்த நில வழக்கில் சான்றுகளாகப் பயன்பட்டன. 1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வெள்ளையர் வருமுன் நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்ற கோட்பாடு அதில் விழுந்தது. தோடர்கள் விஷயத்தில் அப்படி ஒன்றை என்னால் காட்ட முடியாது.

கணக்கு டீச்சர்

மாபோ வழக்குப் பற்றித் தனி இழையே தொடங்குங்கள், அண்ணா. கடைசியாக ஒரு உதவி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கோட்டுச் சோதனையைச் செய்து காட்ட ஆசை. கம்ப்யூட்டர் கிடையாது.

ஒளிவிலகல்

தாராளமாகச் செய்யலாம், டீச்சர். கனத்த அட்டையில் உள்மடங்கிய சிறகுள்ள கோட்டை 10 செ.மீ. நீளத்துக்கு வரையுங்கள். இன்னொரு அட்டையில் விரிந்த சிறகுள்ள கோடு, அது முதல் அட்டைக்கு அடியில் உறைபோலச் செருகி இழுக்கும்படி இருக்கட்டும். பிள்ளை இழுத்துச் சமமாகத் தெரியும் இடத்தில் நிறுத்தட்டும், பின்பக்கம் ஸ்கேலால் அளங்கள். பாதிப் பேருக்கு நீளமான நிலையிலிருந்தும் மீதிப் பேருக்குக் குட்டையான நிலையிலிருந்தும் தொடங்குங்கள். ஒரே பிள்ளை பலமுறை செய்தால் முதல் முறை வந்த எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள், பழகப் பழகக் குறைந்துகொண்டே போகும்.